ஒரே சுற்று, வேறு திரான்சிற்றர்: ஒலி ஏன் சிதைகிறது?

தம்பி, யாழ்ப்பாணம் ரவுணில் ஒரே கடையில் வாங்கிய இரண்டு பிசி547 திரான்சிற்றர்களில் ஒன்று உங்கள் ஒலிச் சைகையைப் பெருக்கும் சுற்றில் நன்றாக வேலை செய்கிறது, மற்றது ஒலியைச் சிதைக்கிறது, பழுதா என்று கேட்டிருக்கிறீர்கள். பழுதில்லை.

12 வோல்ற்றிலிருந்து அடிக்கு (base, கட்டுப்படுத்தும் முனை) 2.2 மெகா ஓம் தடையி மட்டும் போட்டிருக்கிறீர்கள், சேகரிப்பானில் (collector, பெருகிய ஓட்டம் உள்ளே வரும் முனை) 4.7 கிலோ ஓம். அடி ஓட்டம் ஏறக்குறைய 5 மைக்ரோ அம்பியர். ஓட்டப் பெருக்கம், அதாவது சேகரிப்பான் ஓட்டம் அடி ஓட்டத்தின் எத்தனை மடங்கு என்பது, 200 என்றால் சேகரிப்பான் 7 வோல்ற்றில் நிற்கும், சைகை மேலும் கீழும் ஆட இடமுண்டு. 500 என்றால் நிரம்பல்தான், சேகரிப்பான் பூச்சியத்துக்குக் கிட்ட இறங்கி நின்றுவிடும். அலையின் ஒரு பக்கம் வெட்டுப்படும். பிசி547இல் இந்தப் பெருக்கம் 110 முதல் 800 வரை போகும். அதை நம்பித் தொழிற்படு புள்ளியை (சைகை இல்லாதபோது ஓட்டமும் அழுத்தமும் நிற்கும் நிலையை) வைக்கவே கூடாது.

சரி, 2.2 மெகா ஓமுக்குப் பதிலாக, 12 வோல்ற்றிலிருந்து அடிக்கு 56 கிலோ ஓம், அடியிலிருந்து நிலத்துக்கு (ground) 10 கிலோ ஓம் என இரு தடையிகளால் அழுத்தப் பிரிப்பி, காலிக்கும் (emitter, ஓட்டம் வெளியேறும் முனை) நிலத்துக்கும் இடையில் 1 கிலோ ஓம் போடுங்கள். காலியில் 1.1 வோல்ற்று, ஓட்டம் 1.1 மில்லி அம்பியர், சேகரிப்பான் 6.8க்குக் கிட்ட. ஓட்டம் கூடப் பார்த்தால் காலியின் அழுத்தம் ஏறி அதை இழுத்துப் பிடிக்கும். எங்கள் சித்திரை வெயிலிலும் புள்ளி அதிகம் நகராது.

காலித் தடையிக்குச் சமாந்தரமாக 100 மைக்ரோ பரட் கொள்ளளவியை மறக்காதீர்கள். இல்லாவிட்டால் சைகை 5 மடங்குகூடப் பெருகாது.