ஹாலோவீன் அன்று வீட்டுச் சாப்பாட்டு மேசையை எப்படி அலங்கரிக்கலாம்?

நான்கு குடும்பங்கள் வருகின்றன, அதில் சின்னப் பிள்ளைகளும் உண்டு, செலவு கைக்குள் இருக்க வேண்டும், குழந்தைகள் பயந்து அழக்கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டில் பல வருடங்களாக அக்டோபர் 31 அன்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு எங்கள் மேசையில்தான் சாப்பாடு. அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கடைக்குப் போவதற்கு முன்னால் வெளிச்சத்தைப் பற்றி யோசியுங்கள். மேலே பெரிய விளக்கு எரிந்துகொண்டிருந்தால் என்ன வாங்கி வைத்தாலும் அது கடை அலமாரி மாதிரிதான் தெரியும். அதை அணைத்துவிட்டு மேசை மட்டத்தில் பத்துப் பன்னிரண்டு சின்ன வெளிச்சங்கள் வையுங்கள். ஒரு சாதாரணப் பூசணிக்காயும் நாலு காய்ந்த இலையும்கூட அந்த வெளிச்சத்தில் வேறு மாதிரி ஆகிவிடும். இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் வேடம் போட்டு, வீடு வீடாகப் போய் இனிப்பு வாங்கக் கிளம்ப வேண்டும் என்பதால் ஐந்து மணிக்கே சாப்பாடு போட வேண்டியிருக்கும். எங்கள் பக்கம் அன்றைக்குச் சூரியன் மறையவே ஆறு மணி ஆகிவிடும். அதனால் நாலரைக்கே திரைகளை இழுத்து மூடிவிடுங்கள். இதற்குக் காசே ஆகாது. ஆனால் பாதி அலங்காரம் இதுதான்.

குழந்தைகள் இருக்கும் மேசையில் நிஜ மெழுகுவர்த்தி வேண்டாம். ஹாலோவீன் உடைகளின் கைகள் தொளதொளவென்று தொங்கும், சிலந்தி வலை என்று விற்கிற பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். பேட்டரியில் எரியும் சின்ன எல்ஈடி விளக்குகளே போதும். வாங்கும்போது பேட்டரி மூடி திருகாணியால் பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கிவிட்டால் தொண்டைக்குழாயையே அரித்துவிடும். அந்த விளக்குகளைப் பழைய ஊறுகாய் பாட்டில், ஜாம் பாட்டில்களுக்குள் வைத்து, வெளியே டிஷ்யூ காகிதம் சுற்றிவிட்டால் வெளிச்சம் மஞ்சளாகப் பரவும்.

மேசை விரிப்புக்கு நான் துணி போடுவதில்லை. பார்சல் கட்டுகிற பழுப்புக் காகிதச் சுருள் ஒன்று வாங்கி, மேசை நீளத்துக்கு விரித்து, ஓரங்களை அடியில் டேப் போட்டு ஒட்டிவிடுவேன். ஒவ்வொரு தட்டுக்கு முன்னாலும் அந்தக் காகிதத்திலேயே பிள்ளையின் பெயரை எழுதி, பக்கத்தில் ஒரு வௌவாலோ பூனையோ வரைந்துவிடலாம். இரண்டு கிரேயான் டப்பாக்களை நடுவில் வைத்தால், சாப்பாடு வரும்வரை அவர்கள் பாட்டுக்கு வரைந்துகொண்டிருப்பார்கள். அதன் மேல் நடுவாக்கில் சீஸ் வடிகட்டும் மெல்லிய துணியைக் கிழித்துப் போடுங்கள். கெட்டியான டீத்தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்துக் காயவைத்தால் நூறு வருடத் துணி போல ஆகிவிடும்.

நிறம் மூன்றுக்கு மேல் போக வேண்டாம். கறுப்பு, ஆரஞ்சு, பழுப்பு. ஊதாவும் பச்சையும் சேர்ந்தால் கண்ணுக்கு எதுவும் நிற்காது என்பது என் கருத்து.

அப்புறம் பூசணி. முதல் வருடம், குடைந்த பெரிய பூசணி ஒன்றை ஒரு வாரம் முன்னாலேயே மேசையில் வைத்துவிட்டோம். வீட்டுக்குள் ஹீட்டர் சூடு. நாலாம் நாள் அடி இளகி, தண்ணீர் கசிந்து, மரத்தில் கறை படிந்துவிட்டது. குடைந்த பூசணி வாசலுக்குத்தான். மேசைக்குக் கையளவு உள்ள, குடையாத குட்டிப் பூசணிகள் ஏழெட்டு போதும். வாரக்கணக்கில் கெடாது. சாயம் பூசாமல் விட்டால் அப்படியே நவம்பர் கடைசியில் வரும் நன்றிகூறல் நாள் (தேங்க்ஸ்கிவிங்) மேசைக்கும் ஆகும். அலங்காரத்தின் உயரம் ஓர் அடியைத் தாண்டவே கூடாது. எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் தெரியாவிட்டால் பேச்சு வளராது.

குடைந்துதான் ஆக வேண்டும் என்றால் டர்னிப் கிழங்கைக் குடையுங்கள். முகம் போலக் குடைந்து உள்ளே விளக்கு வைக்கும் இந்த வழக்கம் அயர்லாந்தில் டர்னிப்பில்தான் இருந்தது. அங்கிருந்து வந்து குடியேறியவர்கள் அமெரிக்காவில் பூசணிக்கு மாறினார்கள். அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தில் டோனகல் பகுதி டர்னிப் விளக்கு ஒன்றின் வார்ப்பு இருக்கிறது. பல்லும் சுருங்கிய முகமுமாக, எந்தப் பிளாஸ்டிக் பொம்மையும் அதன் பக்கத்தில் நிற்க முடியாது. டர்னிப் சின்னது என்பதால் மேசைக்குச் சரியான அளவு. கெட்டியாக இருக்கும், குடைவது பெரியவர்கள் வேலை. மேலே ஒரு வில்லை வெட்டிவிட்டு, கனமான ஸ்டீல் ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுங்கள். முந்தின நாளே செய்து வைத்தால், அது வாடி இன்னும் கிழட்டு முகமாகிவிடும்.

உணவையும் அலங்காரமாகவே பாருங்கள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருடமும் முதலில் தீர்வது மினி இட்லிதான். இட்லி மேல் வட்டமாக ஒரு கேரட் வில்லை, அதன் மேல் கறுப்பு ஆலிவ் துண்டு. கண் தயார். சிவப்புத் தக்காளிச் சட்னிக்குள் அவற்றை மிதக்கவிட்டால் பிள்ளைகள் கத்துவார்கள், அப்புறம் இன்னொரு தட்டு கேட்பார்கள். பூசணி விதைகளை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்துச் சின்னக் கிண்ணங்களில் வையுங்கள்.

புகை வரவழைக்க உலர் பனிக்கட்டி வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது உறையவைத்த கார்பன் டை ஆக்சைடு வாயு, மைனஸ் 78 டிகிரி செல்சியஸ். கையில் பட்டால் தோல் போய்விடும், விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால் குடிக்கிற கிண்ணத்துக்குள் போடவே கூடாது. வேண்டுமென்றால் பிள்ளைகளுக்கு எட்டாத பக்க மேசையில் ஒரு பெரிய பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, இடுக்கியால் இரண்டு துண்டு போட்டு, ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். சின்னக் குழந்தைகள் வருகிற வீட்டில் நான் இதைச் செய்வதில்லை.

2024-ல் தீபாவளியும் அதே அக்டோபர் 31-ல் வந்தது. அன்று பித்தளை விளக்குகளைச் சுவர் அலமாரியில் உயரமாக ஏற்றிவைத்து, மேசையில் பூசணிகளுக்கு நடுவே சாமந்திப் பூவை உதிர்த்துப் போட்டேன். ஆரஞ்சோடு ஆரஞ்சு அவ்வளவு பொருந்தியது. அதற்குப் பிறகு சாமந்தி இல்லாமல் நான் இந்த மேசையைப் போட்டதில்லை.

கடைசியாக ஒன்று. சாப்பிட்டு முடித்ததும் மேசையின் ஒரு பாதியை முழுசாகக் காலி செய்துவிடுங்கள். எட்டு மணிக்குப் பிள்ளைகள் திரும்பி வந்து பைகளை அங்கேதான் கொட்டுவார்கள். கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து, உறையைப் படித்துப் பிரித்துக் கொடுக்கலாம். மற்றவர்கள் அதே பழுப்புக் காகிதத்தில் கோடு போட்டு, யாரிடம் எத்தனை சாக்லேட், எதற்கு எது மாற்று என்று கணக்கு எழுத ஆரம்பிப்பார்கள். விளக்கைப் போடச் சொன்னால்கூடப் போட விடமாட்டார்கள்.