விஎம்முக்குள் மட்டும் இணையம் தவழ்வது ஏன்?

கேள்வி: லேப்டாப்பில் விண்டோஸ் 11. அதில் வர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை, அதாவது விஎம்மை, ஓட்டும் மென்பொருள்) போட்டு உபுண்டு லினக்ஸ் ஓட்டுகிறேன். வீட்டு வைஃபையில் விண்டோஸில் இணையம் நன்றாக வருகிறது. உபுண்டுவுக்குள் மட்டும் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சில விநாடி வெறுமனே நிற்கிறது. அப்புறம் மளமளவென்று வந்துவிடுகிறது. விஎம்மின் நெட்வொர்க் முறையை நேட்டிலிருந்து (விண்டோஸின் இணைப்பு வழியாகப் போவது) பிரிட்ஜ்டுக்கு (தனிக் கணினி போல ரவுட்டரோடு இணைவது) மாற்றினேன். அதன் பிறகு சில நாள் ஐபியே கிடைப்பதில்லை. பிரிட்ஜ்டில் அலுவலக சர்வர் எட்டாததால் விஎம்முக்குள்ளேயே விபிஎன் (அலுவலக நெட்வொர்க்குக்குப் போகும் பாதுகாப்பான வழி) போட்டேன். எஸ்எஸ்ஹெச்சில் (தொலைவிலுள்ள சர்வருக்குக் கட்டளை கொடுக்கும் வழி) உள்ளே போக முடிகிறது, ஆனால் பெரிய ஃபைலைத் திறந்தால் திரை உறைந்துவிடுகிறது. உபுண்டுவைத் திரும்ப இன்ஸ்டால் செய்யட்டுமா?

பதில்: வேண்டாம். இன்ஸ்டால் செய்த உபுண்டுவில் தப்பு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நீங்கள் சொல்லியிருப்பதில் மூன்று கோளாறுகள் கலந்திருக்கின்றன. முதலாவதைச் சரிசெய்யப் போய் இரண்டாவது வந்தது. இரண்டாவதைச் சமாளிக்கப் போய் மூன்றாவது வந்தது. இப்போது எல்லாம் சேர்ந்து 'நெட் ஸ்லோ' என்று தெரிகிறது. எனவே முதலில் எதையும் மாற்றாமல் அளந்து பாருங்கள். அப்புறம் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்றே தெரியாது.

விஎம்மிலிருந்து வெளியே போகும் பாதையை மூன்று துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கெஸ்டிலிருந்து (உள்ளே ஓடும் உபுண்டு) ஹோஸ்ட் (விண்டோஸ்) வரை, ஹோஸ்டிலிருந்து ரவுட்டர் வரை, ரவுட்டரிலிருந்து வெளியுலகம். விண்டோஸில் வேகம் சரியாக இருக்கிறது என்கிறீர்கள். ஆகவே கடைசி இரண்டு துண்டுகளையும் தற்போதைக்கு விட்டுவிடலாம். முதல் துண்டை அளக்க ஐபெர்ஃப்3 என்ற வேகச் சோதனைக் கருவி போதும். விண்டோஸில் அதை சர்வராக ஓடவிட்டு, உபுண்டுவிலிருந்து விண்டோஸின் வைஃபை ஐபிக்கு இணையுங்கள். அது பயன்படுத்தும் 5201-ஆம் போர்ட்டை விண்டோஸ் ஃபயர்வால் தடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தப் போக்குவரத்து லேப்டாப்பை விட்டு வெளியே போகாது என்பதால் நொடிக்குச் சில நூறு மெகாபிட் தாராளமாக வரவேண்டும். வந்தால், விஎம்மின் நெட்வொர்க் அட்டையைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. உங்கள் விஷயத்தில் வரும் என்றே நினைக்கிறேன். ஏனென்றால் 'சில விநாடி நின்று, அப்புறம் மளமளவென்று' என்று எழுதியிருக்கிறீர்கள். வேகம் குறைவான இணைப்பு கடைசிவரை மெதுவாகத்தான் இருக்கும். தொடக்கத்தில் மட்டும் நின்றால், தளத்தின் பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில்தான் முதலில் கை வைக்க வேண்டும்.

அந்த நிற்கும் நேரத்தைக் கடிகாரம் வைத்துப் பாருங்கள். லினக்ஸ் ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் பெயரைக் கேட்டுவிட்டு, பதில் வராவிட்டால், வழக்கமான அமைப்பில் 5 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் மறுபடி கேட்கும், அல்லது அடுத்த சர்வரிடம் போகும். ஆகவே தாமதம் 5 விநாடி, 10 விநாடி என்று ஒரே அளவாக வந்தால் டிஎன்எஸ் மேல் சந்தேகம் வலுக்கிறது. உறுதிப்படுத்த, பெயரைத் தேடித் தரும் 'டிக்' கட்டளையை உபுண்டுவில் இரண்டு விதமாக ஓட்டுங்கள்: ஒரு முறை சும்மா தளத்தின் பெயரோடு, இன்னொரு முறை கூகுளின் பொது டிஎன்எஸ்ஸான 8.8.8.8-ஐக் கேட்கச் சொல்லி. இரண்டின் கீழேயும் 'க்வெரி டைம்' என்று மில்லிசெகண்டில் ஒரு எண் வரும். இரண்டாவது சில பத்துகளில் முடிந்து, முதலாவது ஆயிரக்கணக்கில் ஓடினாலோ பதிலே வராமல் கைவிட்டாலோ, விஷயம் தெளிவு.

ஏன் இப்படி ஆகிறது? வர்ச்சுவல்பாக்ஸின் நேட் முறையில் விஎம்முக்கு 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும். அதன் கேட்வே (வெளியே போகும் வாசல்) 10.0.2.2. டிஎன்எஸ் முகவரியை மட்டும், விஎம் ஐபி வாங்கும் நேரத்தில் ஹோஸ்ட் எதைப் பயன்படுத்துகிறதோ அதையே எடுத்துக் கொடுத்துவிடும். காலையில் அலுவலகத்தில் விஎம்மைத் திறந்துவிட்டு, லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு மாலையில் வீட்டில் திறக்கிறீர்கள் என்று வையுங்கள். விண்டோஸ் உடனே வீட்டு ரவுட்டரின் டிஎன்எஸ்ஸுக்கு மாறிவிடும். விஎம் இன்னமும் அலுவலக டிஎன்எஸ்ஸையே கேட்டுக்கொண்டிருக்கும். ஹோஸ்டில் விபிஎன்னைப் போட்டு நிறுத்தினாலும் இதே கதைதான். உபுண்டுவில் 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' என்று கேட்டுப் பாருங்கள். வீட்டில் இருக்கும்போது அலுவலக முகவரி அங்கே உட்கார்ந்திருந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிட்டீர்கள்.

இதற்கு நிரந்தர வழி வர்ச்சுவல்பாக்ஸிலேயே இருக்கிறது, ஆனால் சாதாரண செட்டிங்ஸ் திரையில் கண்ணில் படாது. விஎம்மை முழுக்க ஷட்டவுன் செய்துவிட்டு, விண்டோஸில் விபாக்ஸ்மேனேஜ் என்ற கட்டளைக் கருவியின் 'மாடிஃபைவிஎம்' பகுதியில் 'நேட்-டிஎன்எஸ்-ஹோஸ்ட்-ரிசால்வர்' என்ற விருப்பத்தைத் தேடி, முதல் அடாப்டருக்கு ஆன் செய்யுங்கள். (பதிப்பைப் பொறுத்து பெயரில் இடையில் கோடு இல்லாமலும் இருக்கலாம்; கடைசியில் அடாப்டர் எண் ஒட்டி வரும்.) அதன் பிறகு விஎம் எப்போதும் 10.0.2.3-ஐத்தான் கேட்கும். அந்தக் கேள்வியை வர்ச்சுவல்பாக்ஸ் வாங்கி, அந்த நேரத்தில் விண்டோஸ் எந்த வழியாகப் பெயரைத் தேடுகிறதோ அதே வழியில் தேடித் தரும். நீங்கள் எந்த வைஃபைக்கு மாறினாலும் விஎம்முக்கு அது தெரியவே வேண்டியதில்லை. விபிஎன் ஹோஸ்டில் இருந்தால் அலுவலகத்தின் உள் பெயர்களும் விஎம்முக்குள் கிடைக்கும். உபுண்டுவில் 8.8.8.8 என்று கையால் எழுதிவைப்பதைவிட இது எவ்வளவோ மேல். அப்படி எழுதினால் பொதுத் தளங்கள் திறக்கும், அலுவலகத்தின் உள் பெயர்கள் திறக்காது.

அடுத்து பிரிட்ஜ்டு. கம்பி வழி ஈதர்நெட்டில் இது அருமையான முறை. விஎம் தனிக் கணினி போல ரவுட்டரிடம் தன் பெயரில் ஐபி வாங்கிக்கொள்ளும். வைஃபையில் அந்தச் சுதந்திரம் இல்லை. தன்னோடு முறைப்படி இணைந்த மேக் முகவரியிலிருந்து (நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்) வரும் ஃபிரேமை (டேட்டாத் துண்டை) மட்டும்தான் ஆக்சஸ் பாயின்ட் ஏற்கும். உங்கள் லேப்டாப்பின் வைஃபை அட்டை இணைந்திருக்கிறது. 08:00:27 என்று தொடங்கும் விஎம்மின் மேக் இணையவில்லை. ஆகவே வர்ச்சுவல்பாக்ஸ், வெளியே போகும் ஒவ்வொரு ஃபிரேமிலும் விஎம்மின் மேக்கை அழித்து லேப்டாப்பின் மேக்கை எழுதி அனுப்புகிறது. திரும்பி வரும் பாக்கெட்டுகளில் எது விஎம்முக்கு என்று அதன் ஐபியைப் பார்த்துத்தான் பிரிக்கிறது. ஐபியை வைத்துப் பிரிக்கும் ஏற்பாடு, விஎம்முக்கு இன்னும் ஐபியே கிடைக்காத நேரத்தில் தடுமாறும் இல்லையா? ரவுட்டர் டிஹெச்சிபி (ஐபி வழங்கும் முறை) பதிலை எப்படி அனுப்புகிறது என்பதைப் பொறுத்து அது வந்தும் சேரலாம், வராமலும் போகலாம். சில நாள் ஐபி கிடைத்து, சில நாள் கிடைக்காமல் போவது இந்த இடத்தில்தான் நடக்கும். ஒரே மேக்கின் பின்னால் இரண்டு ஐபி இருப்பதை விரும்பாத அலுவலக, கல்லூரி வைஃபைகளும் உண்டு.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன்: வைஃபை லேப்டாப்பில் பிரிட்ஜ்டு வேண்டாம். நேட்டே போதும். வெளியிலிருந்து விஎம்முக்குள் வரவேண்டிய தேவை இருந்தால் நேட்டிலேயே போர்ட் ஃபார்வர்டிங் (விண்டோஸின் ஒரு போர்ட்டுக்கு வருவதை விஎம்முக்குத் திருப்பிவிடுவது) செய்யலாம். விண்டோஸிலிருந்து மட்டும் விஎம்மைத் தொட வேண்டும் என்றால், இரண்டாவது அடாப்டராக ஹோஸ்ட்-ஒன்லி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தப் போக்குவரத்து வைஃபை பக்கமே போகாது.

நேட்டுக்குத் திரும்பினால் இன்னொரு லாபமும் இருக்கிறது. நேட்டில் விஎம்மின் இணைப்புகளை வர்ச்சுவல்பாக்ஸ் தன் சொந்த இணைப்பாக விண்டோஸில் திறக்கிறது. எனவே விண்டோஸில் விபிஎன் ஓடினால் விஎம்மும் அதன் வழியாகவே போகும். பிரிட்ஜ்டில் விஎம் நேராக ரவுட்டரிடம் போய்விடுவதால்தான் அலுவலக சர்வர் உங்களுக்கு எட்டாமல் போனது. அதாவது, விஎம்முக்குள் தனியாக விபிஎன் போட வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

ஆனாலும் அந்த உறையும் திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். விஎம்முக்குள்தான் விபிஎன் இருந்தாக வேண்டும் என்ற நிலை பலருக்கு உண்டு. எஸ்எஸ்ஹெச்சில் பாஸ்வேர்டு அடிக்க முடிகிறது, சின்னக் கட்டளைக்குப் பதில் வருகிறது, பெரிய ஃபைலைத் திறந்தால் அப்படியே நிற்கிறது. சின்ன பாக்கெட்டுகள் போகின்றன, பெரியவை வழியில் காணாமல் போகின்றன என்று இதற்குப் பொருள். ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் 1500 பைட் வரை இருக்கலாம். அந்த எல்லைதான் எம்டியு. விபிஎன் ஒவ்வொரு பாக்கெட்டின் மேலும் தன் உறையைச் சுற்றுவதால் உள்ளே இடம் குறைகிறது. வயர்கார்டு என்ற விபிஎன் வழக்கமாக 1420 என்று வைத்துக்கொள்வது அதனால்தான். வீட்டு இணைப்பு பிபிபிஓஇ (பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து இணையும் பிராட்பேண்ட் முறை) என்றால் தொடக்கமே 1492. வழியில் ஏதோ ஒரு கருவி 'இது பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். எங்கோ ஒரு ஃபயர்வால் அந்த ஐசிஎம்பி செய்தியைத் தடுத்தால் அனுப்பியவருக்கு எதுவுமே தெரியாது. அதே பெரிய பாக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார்.

இதைச் சோதிப்பது சுலபம். விபிஎன் இணைந்திருக்கும்போது, அலுவலக சர்வர் ஒன்றுக்கு 'துண்டாக்காதே' என்ற விருப்பத்தோடு அளவு குறிப்பிட்டு பிங் அனுப்புங்கள். நீங்கள் கொடுக்கும் அளவோடு தலைப்புகளுக்காக 28 பைட் சேரும்; 1472 கொடுத்தால் 1500. 'மெசேஜ் டூ லாங்' என்று உடனே பதில் வந்தால் பயமில்லை, எல்லை எங்கே என்று உங்கள் சிஸ்டத்துக்குத் தெரிந்திருக்கிறது. எந்தச் செய்தியும் இல்லாமல் பதில் மட்டும் வராமல் போனால் அதுதான் ஆபத்தான மௌனம். அளவைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். 1372 போகவில்லை, 1300 போகிறது என்றால், 1300-உடன் 28 சேர்த்து 1328-ஐ விபிஎன் இடைமுகத்தின் எம்டியுவாக வையுங்கள். அதை விபிஎன்னின் அமைப்பு ஃபைலிலேயே எழுதுவது நல்லது; கட்டளையில் கொடுத்தால் அடுத்த இணைப்பில் போய்விடும். இந்தச் சோதனையை பிரிட்ஜ்டிலோ விபிஎன்னுக்குள்ளோதான் நம்பலாம். நேட்டில் சாதாரண பிங் வேலை செய்யும், ஆனால் டிரேஸ்ரூட் (பாக்கெட் போகும் பாதையைக் காட்டும் கருவி) போன்றவை காட்டுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஒருவேளை அந்த ஐபெர்ஃப்3 அளவே மோசமாக வந்திருந்தால்? அப்போது விஎம் சன்னலின் கீழ் மூலையைப் பாருங்கள். அங்கே பச்சை நிற ஆமைப் படம் தெரிந்தால், விண்டோஸின் சொந்த விஎம் வசதியான ஹைப்பர்-வி ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கிறது, வர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேல் மெதுவான வழியில் ஓடுகிறது என்று அர்த்தம். நேட் வேலை முழுக்க பிராசஸர் தலையில் விழுவதால் நெட்வொர்க்கும் சேர்ந்து அடிவாங்கும். 'மெமரி இன்டெக்ரிட்டி', 'வர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம்' இரண்டும் ஹைப்பர்-வியை எழுப்பிவிடுபவை. முதலாவது பாதுகாப்பு அம்சம். வேகத்துக்காக அதை அணைக்க நான் சொல்ல மாட்டேன். இரண்டாவது டபிள்யூஎஸ்எல்2-க்கு (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) தேவை. இரண்டும் வேண்டும் என்பவர்கள் விண்டோஸ் புரோவில் ஹைப்பர்-வியிலேயே விஎம்மை உருவாக்கிக்கொள்வது நிம்மதி. ஆமை இல்லாமலே மந்தமாக இருந்தால், அடாப்டர் வகையை இன்டெல் புரோ/1000-இலிருந்து வர்ட்டியோ-நெட்டுக்கு மாற்றிப் பாருங்கள். உபுண்டுவில் அதற்கான டிரைவர் ஏற்கனவே இருக்கிறது. விண்டோஸ் கெஸ்ட் என்றால் டிரைவரைத் தனியாகப் போட வேண்டும்.

இந்த உபுண்டுவை குளோன் (நகல்) செய்து இரண்டு விஎம்களைப் பிரிட்ஜ்டிலோ ஹோஸ்ட்-ஒன்லியிலோ ஒன்றாக ஓட்டுபவராக இருந்தால் இன்னொன்று: குளோன் செய்யும்போது புது மேக் முகவரி கேட்டால் மட்டும் போதாது. புதிய உபுண்டுகள் சில அமைப்புகளில் மெஷின்-ஐடி என்ற ஃபைலை வைத்துத்தான் டிஹெச்சிபியிடம் தங்களை அடையாளம் சொல்கின்றன. அது குளோனிலும் அப்படியே இருப்பதால் இரண்டுக்கும் ஒரே ஐபி கிடைத்து, இணைப்பு மாறி மாறி அறுந்துகொண்டிருக்கும். குளோனில் மெஷின்-ஐடியைப் புதிதாக உருவாக்கிக்கொள்ளுங்கள், அல்லது உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பான நெட்பிளானில் அடையாளமாக மேக்கையே பயன்படுத்தச் சொல்லுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகும், லேப்டாப் தூங்கி எழுந்ததும் விஎம்மில் எப்போதாவது நெட் வராமல் இருக்கலாம். அதற்காக ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். விஎம் சன்னலின் டிவைசஸ் மெனுவில் நெட்வொர்க் பகுதிக்குப் போய் 'கனெக்ட் நெட்வொர்க் அடாப்டர்' டிக்கை எடுத்துவிட்டு, ஓரிரு விநாடி கழித்துத் திரும்பப் போடுங்கள். கேபிளைப் பிடுங்கிச் செருகியதாக உபுண்டு எடுத்துக்கொண்டு ஐபியையும் டிஎன்எஸ்ஸையும் புதிதாகக் கேட்டு வாங்கும். திறந்து வைத்திருக்கும் வேலையும் அப்படியே இருக்கும்.