ஒரே மாடல் புரொஜெக்டர் இரண்டு, நிறம் மட்டும் ஏன் வேறு?

ஒரே மாடல் புரொஜெக்டர் இரண்டை ஒட்டி வைத்தும் படத்தின் ஒரு பாதி மஞ்சளடிக்கிறது என்கிறீர்கள். மாடல் ஒன்றானாலும் விளக்கின் வயது வேறாக இருக்கலாம். எரிந்த நேரம் கூடக்கூட வெளிச்சம் குறையும், நிறமும் நகரும்.

முதலில் இரண்டையும் அரைமணி நேரம் ஓடவிடுங்கள். சூடேறுவதற்கு முன்பே சரிசெய்தால் எல்லாம் வீண். காட்சிக்கேற்ப வெளிச்சத்தைத் தானாக மாற்றும் டைனமிக் கான்ட்ராஸ்ட், ஆட்டோ ஐரிஸ் இரண்டையும் அணையுங்கள். பிறகு இரண்டிலும் முழு வெள்ளைப் படத்தைக் காட்டுங்கள். மங்கலானதை ஏற்ற முடியாது, பிரகாசமானதைத்தான் இறக்க வேண்டும். 6500 கெல்வினை (பகல் வெளிச்சத்தை ஒத்த வெள்ளை) இலக்காக வைத்து, மிகுந்திருக்கும் நிறத்தின் கெயினை, அதாவது வெளிச்சப் பகுதிகளில் அந்த நிறத்தின் அளவை, குறையுங்கள். கூட்டினால் வெளிச்சப் பகுதிகள் வெளுத்துவிடும். அடர்சாம்பலில் வித்தியாசம் மிஞ்சினால் இருண்ட பகுதிகளின் நிறத்தை மாற்றும் ஆஃப்செட்டைத் தொடுங்கள்.

கண்ணை நம்பாதீர்கள், அது எந்த நிறத்துக்கும் சீக்கிரம் பழகிவிடும். நிறத்தை அளக்கும் கலரிமீட்டர் கிடைத்தால் நல்லது. போன் கேமராவென்றால் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை நிறச் சரிசெய்தல்) தானாக மாறாதபடி பூட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.