பல் ஆடுகிறது, நோவில்லை

கேள்வி: அப்பா வயல் செய்பவர், 58 வயது. சீனி வருத்தம் வந்து பத்து வருஷத்துக்கு மேல். கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறார். இப்போது முன்பல் இரண்டு ஆடுகின்றன, வாயும் மணக்கிறது. "நோவில்லை, இரத்தம் வரவில்லை, பிறகேன் பல் டொக்டர்?" என்கிறார். சீனிக்காரர் பல் பிடுங்கினால் புண் ஆறாது என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் வேறு சொல்லிவிட்டார். சுருட்டும் வெற்றிலையும் உண்டு. என்ன செய்யலாம்?
- ஒரு மகள், கிளிநொச்சி

பதில்: இந்தக் கிழமையே கூட்டிக்கொண்டு போங்கள், தங்கச்சி. முரசு (பல் ஈறு) வருத்தம் பெரும்பாலும் நோகாமலேதான் வளரும். பல் ஆடத் தொடங்கிவிட்டால், வேரைப் பிடித்திருக்கும் எலும்பு நன்றாகவே கரைந்துவிட்டது என்று பொருள். இரத்தம் வராததை நம்பியும் இருக்க வேண்டாம். புகைப்பவர்களின் முரசில் வீக்கமும் கசிவும் குறைவாகத்தான் தெரியும். சுருட்டு நோயை மறைக்கிறது, அவ்வளவுதான்.

கிளினிக்கில் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் பார்க்கிறார்கள் அல்லவா? சீனி கெடுக்கும் மயிரிழை இரத்தக் குழாய்கள் முரசிலும் நெருக்கமாக ஓடுகின்றன. வருஷக்கணக்கில் கூடிநிற்கும் சீனி, குழாய்ச் சுவரின் புரதங்களில் ஒட்டி அதைத் தடிக்க வைக்கிறது. இரணைமடுக் குளம் நிறைந்திருந்தும் கடைசி வாய்க்கால் பழுதானால் வயல் காயும் என்பது அப்பாவுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் இங்கே குழாய் தூர்ந்துபோவதில்லை. ஒட்சிசனும் போசாக்கும் தடித்த சுவரைக் கடந்து போவதுதான் சுணங்குகிறது. கிருமியோடு சண்டைபிடிக்க வரும் வெண்குருதிக் கலங்களும் மந்தமாகிவிடும். முரசைப் பல்லோடு கட்டிவைக்கும் நார்கள் சிதைந்தால் திருத்தமாவதும் பிந்தும்.

அதற்காகச் சீனி மட்டும் பல்லை விழுத்தும் என்றில்லை. பல்லோரம் படியும் கிருமியும் காரையும் வேண்டும். நோர்வேயில் பிறந்த பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் 1970 முதல் பதினைந்து வருஷம் எங்கள் மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் முரசைப் பார்த்து வந்தார்கள். பல் துலக்கும் வழக்கமே அவர்களுக்கு இருக்கவில்லை. இருந்தும் நூற்றுக்கு 8 பேர் அளவில்தான் நோய் வேகமாக ஓடியது. 11 பேர் அளவில் அது முன்னேறவே இல்லை. அழுக்கு ஒன்றுதான், உடம்பு தாங்கும் விதம்தான் வேறு. அந்தத் தாங்கும் சக்தியில்தான் சீனி கைவைக்கிறது. முரசு நோயைச் சீனி வருத்தத்தின் ஆறாவது சிக்கல் என்று 1993இல் எழுதியவரும் இதே லோதான்.

இது இரண்டு பக்கமும் வெட்டும். முரசில் அழற்சி நீடித்தால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது, சீனி ஏறும். முரசைச் சுத்தம் செய்து சிகிச்சை கொடுத்தால் மூன்று நாலு மாதத்தில் எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) அளவு சராசரியாக 0.4 வீதப் புள்ளி குறைகிறது. குளிசை ஒழுங்காகப் போட்டும் சீனி இறங்காதவர்கள் வாயையும் ஒருக்கால் காட்டிப் பார்க்கலாம்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் சொன்னதில் பாதி சரி. சீனி கட்டுக்குள் இல்லாவிட்டால் புண் ஆறப் பிந்தும், கிருமியும் பிடிக்கும். கட்டுக்குள் இருந்தால் பல் பிடுங்கலாம். முதலில் பிடுங்கத்தான் வேண்டுமா என்று பார்க்கட்டும்; வேரோரம் ஆழமாகச் சுத்தம் செய்தால் சில பற்கள் நிற்கும். அரச ஆஸ்பத்திரிப் பல் பிரிவில் இதற்குக் காசில்லை. கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டுபோங்கள். காலை நேரமாக எடுங்கள். பல்லுக்குப் போகிறோம் என்று அப்பா பட்டினி கிடக்கவும் வேண்டாம், குளிசையை விடவும் வேண்டாம். வழக்கம்போல் சாப்பிட்டு, வழக்கம்போல் போடட்டும்.

வீட்டில் மெல்லிய பிரஷ், காலையும் இரவும். உமிக்கரியும் உப்பும் போட்டு உரசுவது முரசைத் தேய்க்கும். சுருட்டை விட்டே ஆக வேண்டும். வெற்றிலை பாக்கு தனிக்கதை: இங்கே ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் முன்வரிசையில் நிற்கிறது. போகிற வழியில் கன்னத்தின் உட்பக்கத்தையும் நாக்கின் ஓரத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்கிடையில் முரசில் சீழ் கட்டினாலோ, முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ திகதி பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.