பழனி பாதயாத்திரை: கால்களைக் கேட்டு நடங்கள்

கேள்வி: தைப்பூசத்துக்கு முதல் முறையாகப் பழனிக்கு நடக்கப்போகிறேன். சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் போகும் குழு. ஒரு நாளை எப்படிப் பிரித்து நடப்பது? (வாசகர், தேவகோட்டை)

பதில்: முதல் முறை என்றால் நாளுக்கு 25 கிலோமீட்டர் போதும். அதிகாலை மூன்றரைக்குக் கிளம்பி, மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் உட்கார்ந்து எழுந்தாலும் பத்து மணிக்குள் 20 கிலோமீட்டர் முடிந்துவிடும். தை மாதத்தில் விடியற்காலை பனி கொட்டும். பதினொரு மணிக்கோ தார் ரோடு சுட ஆரம்பிக்கும். அதனால் பகலில் பந்தலில் படுத்துத் தூங்கிவிட்டு, மீதியை நாலரைக்கு மேல் நடங்கள்.

இருட்டில் எப்போதும் எதிரே வண்டி வரும் பக்கமாக, அதாவது சாலையின் வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். ஒளிரும் பட்டை மார்பிலும் முதுகுப் பையிலும் இருக்கட்டும். பேச்சுச் சுவாரஸ்யத்தில் மூன்று பேர் கைகோத்துப் போவதுதான் பெரிய ஆபத்து.

கேள்வி: இரண்டாம் நாளே பாதம் முழுக்கக் கொப்புளம் வந்துவிடுகிறது. உடைக்கலாமா? (வாசகி, திருப்பத்தூர்)

பதில்: கொப்புளம் வருமுன் அந்த இடம் மட்டும் சுருசுருவென்று எரியும். பெரும்பாலும் குதிகால், அல்லது பெருவிரலுக்குக் கீழுள்ள சதை. எரிந்த உடனே உட்கார்ந்து, ஈரத்தைத் துடைத்து, மண் ஒட்டாமல் தட்டி, சுருக்கம் விழாமல் பிளாஸ்திரி ஒட்டுங்கள். அதன் நான்கு மூலைகளையும் கத்தரியால் வளைத்து வெட்டிவிட்டால் ஓரம் சுருண்டு எழாது. ‘அடுத்த பந்தலில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று நடக்கும் இரண்டு கிலோமீட்டர்தான் எரிச்சலைக் கொப்புளமாக்குகிறது.

சின்னதாக இருந்தால் தொடாதீர்கள். பெரிதாகி, கால் ஊன்ற முடியாமல் விண்விண்ணென்று இருந்தால் மட்டும், ஸ்பிரிட்டில் துடைத்த புது ஊசியால் ஓரத்தில் இரண்டு இடத்தில் குத்தி நீரை இறக்குங்கள். மேல்தோலை உரிக்கவே கூடாது. புண்ணுக்கு அதைவிட நல்ல கட்டு கிடையாது. நூலைக் கோத்து உள்ளே விடவும் வேண்டாம், அதன் வழியே கிருமி ஏறும். களிம்பு தடவித் துணிக்கட்டுப் போட்டால் மறுநாள் நடக்கலாம்.

வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊறவைப்பது இதமானதுதான். ஆனால் அதை இரவோடு நிறுத்துங்கள். நடுப்பகலில் ஊறவைத்தால் தோல் நைந்து, மாலையில் சீக்கிரமே கொப்பளிக்கும். புண் திறந்திருந்தால் இரவிலும் வேண்டாம்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை. வெறுங்காலுடன் நடப்பதாக வேண்டிக்கொண்டிருக்கிறார். (வாசகர், மேலூர்)

பதில்: பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் வெறுங்கால் கூடவே கூடாது. சீமைக்கருவேல முள் ஏறினாலும், தார் சுட்டாலும் அவருக்குத் தெரியாது; புண் சீழ் வைத்த பிறகுதான் தெரியும். செருப்புப் போட்டு நடந்து, கோயிலில் கழற்றட்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். தினமும் இரவு டார்ச் அடித்து, விரலிடுக்கு உட்பட இரண்டு பாதங்களையும் நீங்களே பாருங்கள். நடக்கும்போது சர்க்கரை இறங்கும் என்பதால், மாத்திரை அளவை டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். சட்டைப் பையில் குளுக்கோஸ் இருக்கட்டும்.

கேள்வி: வழியெல்லாம் அன்னதானம். வேண்டாம் என்று சொல்ல மனம் வருவதில்லை. (வாசகர், காரைக்குடி)

பதில்: வாங்குங்கள், அரை வயிற்றுக்கு. பொங்கலும் கேசரியும் வயிறு நிறையச் சாப்பிட்டு உடனே நடந்தால் குமட்டும். மோரும் வாழைப்பழமும் நல்லது. வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடித்தாலும் தலை சுற்றும், ஏனென்றால் வியர்வையில் உப்பும் போகிறது. ஓஆர்எஸ் பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. சிறுநீர் கருத்துப் போனால் அன்றைய நடையை நிறுத்திவிட்டு மருத்துவ முகாமுக்குப் போங்கள்.

கேள்வி: முழங்கால் வலியோடு மலையேறுவது எப்படி? (வாசகி, நத்தம்)

பதில்: படிகளை விட்டுவிட்டு யானைப் பாதையில் ஏறுங்கள், சரிவாகப் போகும். ஏறுவதைவிட இறங்கும்போதுதான் முழங்கால் அதிகம் அடி வாங்கும். எனவே விஞ்ச் (தண்டவாளத்தில் இழுத்துச் செல்லும் பெட்டி), ரோப் கார் வரிசையில் நிற்பதென்றால் இறக்கத்துக்கு நில்லுங்கள்.