வீட்டுக் கம்ப்யூட்டரின் பூட்டுத் திரையில் எல்லோருடைய மெசேஜும் தெரிவதைத் தடுப்பது எப்படி?

பாஸ்வேர்டு போடும் முன்பே அப்பாவின் மின்னஞ்சல், அக்காவின் சாட் எல்லாம் திரையில் வருகின்றன, எப்படி நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். விண்டோஸ் 11 என்று வைத்துச் சொல்கிறேன்.

செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ். மேலே உள்ள ஆன்-ஆஃப் பட்டனைத் தொட வேண்டாம். அதை அணைத்தால் வேலை செய்யும்போதும் எந்த அறிவிப்பும் வராது. பக்கத்திலிருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்தினால் சில கட்டங்கள் விரியும். அதில் லாக் ஸ்கிரீனில் அறிவிப்பு காட்டும் கட்டத்தின் டிக்கை எடுத்துவிடுங்கள். நினைவூட்டல்களுக்கும் இணைய அழைப்புகளுக்கும் தனிக் கட்டம் இருக்கிறது. பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். அதையும் எடுங்கள்.

அறிவிப்பு வந்தது தெரிய வேண்டும், உள்ளே இருப்பது தெரியக் கூடாது என்றால், மேலே சொன்ன டிக்கை எடுக்காமல், அதே பக்கத்தில் அந்த ஆப்பின் பெயரை அழுத்தி, லாக் ஸ்கிரீனில் உள்ளடக்கத்தை மறைக்கும் வசதியை ஆன் செய்யுங்கள். எனக்குப் பிடித்தது இதுதான். அவசரச் செய்தியும் தவறாது, அந்தரங்கமும் காக்கப்படும்.

இந்த மாற்றங்கள் நீங்கள் உள்நுழைந்திருக்கும் கணக்குக்கு மட்டுமே. அப்பா, அக்கா கணக்குகளிலும் தனித்தனியே செய்ய வேண்டும். எல்லோரும் ஒரே கணக்கைப் பயன்படுத்துகிறீர்களா? அப்படியானால் முதல் வேலையாக ஆளுக்கொரு கணக்கு திறந்துவிடுங்கள். திரையைப் பூட்டினாலும், உள்ளே போனதும் எல்லோருடைய அஞ்சலும் எல்லோருக்கும் தெரியத்தானே செய்யும்!

மேக் என்றால் சிஸ்டம் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய், ஸ்கிரீன் பூட்டியிருக்கும்போது அறிவிப்பை அனுமதிக்கும் பட்டனை அணைத்தால் போதும்.