அயர்லாந்து குடியரசான பிறகும் டியூக், லார்டு பட்டங்கள் செல்லுமா?

பட்டங்கள் இருக்கின்றன, ஆனால் அயர்லாந்து அரசு அவற்றுக்கு எந்தத் தனி உரிமையும் தருவதில்லை. டியூக், மார்க்குவிஸ், ஏர்ல், வைகவுன்ட், பேரன் (Baron) என்ற இந்தப் பிரபுப் பட்டங்களைக் கொடுத்தவர்கள், அயர்லாந்தை ஆண்ட இங்கிலாந்து, பிரிட்டிஷ் மன்னர்கள். 1937 அரசியல் சட்டப்படி அயர்லாந்து அரசு பிரபுப் பட்டம் வழங்க முடியாது. குடிமகன் ஒருவர் வெளியிலிருந்து பெறுவதானாலும் அரசின் முன் அனுமதி வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி நாடாளுமன்றக் கதைதான். 1801-இல் பிரிட்டனுடன் இணைந்த பிறகு ஐரிஷ் பிரபுக்கள் எல்லோருக்கும் லண்டன் பிரபுக்கள் சபையில் இடம் கிடைக்கவில்லை. தங்களுக்குள் 28 பேரை ஆயுள் முழுவதற்கும் தேர்ந்தெடுத்தார்கள். மற்றவர்கள் பிரிட்டன் தொகுதிகளில் நின்று மக்கள் சபைக்குப் போகலாம். வைகவுன்ட் பாமர்ஸ்டன் அப்படி மக்கள் சபையில் இருந்தபடியே பிரதமரானவர். கர்சன் இந்திய வைஸ்ராயாகக் கிளம்பும்போது, 1898-இல், ஐரிஷ் பேரன் பட்டம் வாங்கியதும் மக்கள் சபைக்குத் திரும்பும் வழியை அடைத்துக்கொள்ளாமல் இருக்கத்தான். அதற்கப்புறம் புதிய ஐரிஷ் பட்டம் எதுவும் உருவாக்கப்படவில்லை. அப்படி ஆயுள் முழுவதற்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரபுக்களில் கடைசியாக இருந்தவர் 1961-இல் இறந்தார்.

குடும்பங்களில் முதலிடம் ஃபிட்ஸ்ஜெரால்டுகளுக்கு. 1316-இல் கில்டேர் ஏர்ல், 1766-இல் லெய்ன்ஸ்டர் டியூக். அவர்களுடைய டப்ளின் மாளிகையில்தான் இன்று அயர்லாந்து நாடாளுமன்றம் கூடுகிறது. பிரபுக்கள் எல்லோரும் ஆங்கிலேய ஆட்சியின் பக்கம் நின்றார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் டியூக்கின் மகன் லார்டு எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு, 1798 கிளர்ச்சிக்குத் திட்டமிட்ட தலைவர்களில் ஒருவர். கைதாகும்போது பட்ட காயத்தால் சிறையிலேயே இறந்துபோனார்.